சவேரியார் திருத்திக்கொண்ட வார்த்தை

"விசுவசிக்கிறேன்" என்று விசுவாச மந்திரத்தில் சொல்கிறோம். ஏறக்குறைய 480 வருஷத்துக்கு முன்னால், இதே முத்துக்குளித்துறையில், அந்த இடத்தில் வேறொரு வார்த்தை இருந்தது. "வேணும்" என்று இருந்தது. அதாவது "சர்வேசுரனை விசுவசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டியவர்கள், "சர்வேசுரன் எனக்கு வேணும்" என்கிற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் அர்ச். பிரான்சிஸ் சவேரியார். அது பிழை என்று தெரிந்ததும் மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியவரும் அவரேதான்.

தாழ்ச்சியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். நம் ஊர்க் கரையிலேயே நடந்த இந்தச் சின்ன விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சவேரியார் 1542-ம் வருஷக் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தார். பாரீஸ் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே தத்துவ சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கோவாவிலிருந்து இந்தக் கரையைச் சேர்ந்த மூன்று பேரை உடன் அழைத்து வந்தார். தூத்துக்குடியில் போர்த்துகீசும் தமிழும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, பல நாள் உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனை எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கினார். அதைத் தானும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, சொல்லச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரமாக எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு, தன்னோடு வேலை செய்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில்தான் இந்தத் திருத்தம் வருகிறது. இரண்டு இடத்தை மாற்றச் சொல்கிறார். ஒன்று, விசுவாச மந்திரத்தில் "வேணும்" என்பதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்க வேண்டும். முன்னது ஆசையைச் சொல்கிறது, பின்னதுதான் நம்பிக்கையைச் சொல்கிறது. இரண்டாவது, சேசுநாதர் பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் "வன்பினாலே" என்ற சொல் வேண்டாம். அதற்குப் பலவந்தத்தினால் என்று அர்த்தம், ஆனால் ஆண்டவர் தம் சொந்த மனசோடு அல்லவா பாடுபட்டார் என்கிறார்.

தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் சொல்லாமல் இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அன்றைக்கு அவரைச் சுற்றி இருந்தவர்கள் துபாஷிகள், உபதேசியார்கள், கடலோரத்து மக்கள். பாரீஸ் பட்டதாரிக்கு அவர்களில் ஒருவர், "சுவாமி, நீங்கள் சொல்வது சரியில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரும் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஒருவர் தனியாக வைத்திருக்கும் தப்பான கருத்தை மாற்றிக்கொள்வது வேறு, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை மாற்றுவது வேறு. ஆயிரக்கணக்கான பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது. கிராமம் கிராமமாக மந்திரம் மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது மாற்றினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை போய், "சாமியார் முன்னே சொன்னது தப்பாம்" என்று அம்மாவிடம் சொல்லும். "இருக்கட்டும், ஜனங்களுக்கு எப்படியும் புரிந்திருக்கும்" என்று விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. காரணத்தையும் சேர்த்து எழுதி மாற்றச் சொன்னார்.

மனப்பாடமான மந்திரத்தை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று எங்களைப் போல் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் காரைக்காலில் சின்ன வயசில் சொன்ன "நோத்ர் பேர்", அதாவது பிரெஞ்சுப் பரலோக மந்திரம், இன்று இல்லை. அப்போது ஆண்டவரை "வூ" என்று மரியாதைப் பன்மையில் அழைத்தோம். 1966-ல் அதை மாற்றி, நெருக்கமானவர்களைச் சொல்லும் "த்யு" போட்டார்கள். அதோடு சோதனையைப் பற்றிய வரியையும் மாற்றினார்கள். கடவுளே நம்மைச் சோதனைக்குள் தள்ளுகிறார் என்பதுபோல அது தொனிக்கிறது என்று பலர் பல வருஷம் முறையிட்டார்கள். கடைசியில் பிரான்சில் 2017 டிசம்பர் 3-ந் தேதி, ஆகமன கால முதல் ஞாயிறன்று, அந்த வரியைத் திரும்பவும் திருத்தினார்கள். 51 வருஷம் கோடிக்கணக்கான பேர் சொன்னதை, "இதைவிடச் சரியாகச் சொல்லலாம்" என்று ஒப்புக்கொண்டு மாற்றினார்கள். என்னோடு படித்தவர்களில் சிலர் இதற்காக இன்றும் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஜெபத்தையே திருத்திக்கொள்ளும் சபையில் இருந்துகொண்டு நம்மை மட்டும் யாரும் திருத்தக் கூடாது என்று சொல்ல முடியுமா?

திரும்ப நம் கரைக்கு வருவோம். சவேரியார் திருத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அவருக்குப் பிறகு வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் சுவாமியை, அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர்கள் சொல்வார்கள். அவர் தமிழை இலக்கண முறைப்படி படித்தார். புன்னைக்காயலில் சுவாமிமார்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் தண்டனை என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். தமிழ் தெரியத் தெரிய, பழைய மந்திரங்களில் இன்னும் பிழைகள் இருப்பது தெரிந்தது. துபாஷிகள் பல நேரம் சொன்னதை விட்டு வேறொன்றைச் சொல்வதும் தெரிந்தது. அதையெல்லாம் 1548-ல் வேம்பாரிலிருந்து இஞ்ஞாசியாருக்கு ஒளிக்காமல் எழுதினார், மந்திரங்களையும் திருத்தினார். அந்த உழைப்பின் பலனாகத்தான் 1578 அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது.

சவேரியார் 1549 ஜனவரியில் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஹென்ரிக்கஸைப் பற்றி என்ன சொல்கிறார் தெரியுமா? தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்தவர், ஒருவராக இருந்து இரண்டு பேர் வேலையைச் செய்கிறார், கிறிஸ்தவர்கள் அவர் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று புகழ்கிறார். தான் போட்ட அஸ்திவாரத்தில் கோணல் இருக்கிறது என்று கண்டுபிடித்து நிமிர்த்தியவரை இப்படி மேலிடத்துக்குப் புகழ்ந்து எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

நான் சொல்ல வருவது இதுதான். திருத்தத்தை ஏற்கும் தாழ்ச்சியை நாம் எப்போதும் கீழே இருப்பவர்களுக்குத்தான் உபதேசிக்கிறோம். பிள்ளைகளுக்கு, மருமகளுக்கு, வேலைக்காரருக்கு, உபதேசியாருக்கு. ஆனால் பெரியவர்கள், தெரிந்தவர்கள், பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் அது முதல் கடமை. கீழே இருப்பவன் திருத்தத்தை ஏற்காவிட்டால் அவன் ஒருவனுக்கு நஷ்டம். மேலே இருப்பவர் ஏற்காவிட்டால் அவர் சொன்னதை மனப்பாடம் செய்த ஊருக்கே நஷ்டம்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் தூக்கியவன் நான். எழுத்தர் வரைவு எழுதுவார், சூப்பிரண்டு சிவப்பு மையில் திருத்துவார், அதற்கு மேல் அதிகாரி திருத்துவார். ஃபைல் மேலே போகும், திருத்தம் கீழே வரும். மேலிருந்து வந்த உத்தரவில் தப்பு இருந்தால், அதை மேலே அனுப்ப எழுத்தர் படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. "மேலாணைக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி, அந்தப் பணிவுக்குள் தப்பைச் சுற்றி வைத்து அனுப்ப வேண்டும். அலுவலகம் அப்படித்தான் நடக்கும். கோயில் அப்படி நடக்க வேண்டியதில்லை.

வேதாகமத்தைப் பாருங்கள். அப்போஸ்தலர் பணிகள் 18-ம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்பவர் வருகிறார். பெரிய பேச்சாளர், வேதம் நன்றாகப் படித்தவர். அவருடைய போதனையில் குறை இருப்பதைக் கண்டவர்கள் கூடாரத் தொழில் செய்த ஒரு தம்பதி, அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். அவரைத் தனியாக அழைத்துப் போய் விளக்கினார்கள். அவரும் கேட்டுக்கொண்டார், அதற்குப் பிறகு அவருடைய ஊழியம் இன்னும் பலன் கொடுத்தது. கலாத்தியர் நிருபத்திலோ, அர்ச். பவுல் முதல் பாப்பரசரான இராயப்பரையே முகத்துக்கு நேரே கண்டித்தேன் என்று எழுதுகிறார். இராயப்பரின் மரியாதை அதனால் குறைந்ததா? அந்த நிருபத்தை இன்றும் பூசையில் வாசிக்கிறோம்.

நம் வ.உ.சி. துறைமுகத்தைத் தினமும் பார்க்கிறோம். 1974-ல் பெருந்துறைமுகம் ஆனதிலிருந்து எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்திருக்கும்! உலகமெல்லாம் சுற்றிய கேப்டனாக இருந்தாலும் தன் போக்கில் உள்ளே வர முடியாது. வெளியே நின்று, துறைமுகத்துப் பைலட் கயிற்று ஏணி பிடித்து ஏறி வரக் காத்திருக்க வேண்டும். இந்த வாய்க்கால், இந்த ஆழம், இந்த நீரோட்டம் இவருக்குத் தெரியும் என்று கேப்டன் அவர் சொல்வதைக் கேட்கிறார். கப்பலுக்குப் பொறுப்பு அப்போதும் கேப்டன்தான். கேட்பதால் அவருடைய பதவி போய்விடவில்லை.

சரி, திருத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சவேரியார் எடுக்கச் சொன்ன இரண்டாவது சொல்லை மறக்க வேண்டாம். "வன்பினாலே" திருத்தாதீர்கள். மத்தேயு 18-ம் அதிகாரத்தில் ஆண்டவரே வரிசை சொல்லியிருக்கிறார். முதலில் தனியாக, அடுத்து ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபையில். நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், அடுத்து நாலு பேரிடம் சொல்கிறோம், சம்பந்தப்பட்டவரிடம் கடைசிவரை சொல்வதே இல்லை. அவமானத்துக்குப் பயந்து ஒருவர் தலையாட்டினால் அது தாழ்ச்சி ஆகாது.

இன்னொன்று. சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்வதும் தாழ்ச்சி இல்லை. சொல்கிறவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க வேண்டும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் சவேரியார் மாற்றினார். அதிகாரத்தில் இருப்பவர்கள் எளியவர்களின் வாயை அடைக்க "தாழ்ச்சியாயிரு" என்று சொல்வதும் உண்டு. அதற்குப் பணிய வேண்டியதில்லை. திருத்தத்தைக் கேட்டதும் கோபம் வருகிறதா என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம், எல்லோருக்கும் வரும். கோபம் தணிந்த பிறகு, சொன்னது உண்மையா என்று பார்த்தோமா என்பதுதான் முக்கியம்.

நம் வயசுக்காரர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பங்கில் நடந்ததைப் பார்த்தேன். பல வருஷமாகப் பூசையில் வாசகம் வாசித்த பெரியவர், நல்ல குரல். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒருநாள் பூசை முடிந்து தனியாக வந்து, "தாத்தா, இந்தப் பேரை இப்படி வாசிக்கணும்" என்று மெதுவாகச் சொன்னாள். முறையாகத்தான் சொன்னாள். அவர் அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். பங்கு ஒரு நல்ல குரலை இழந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பெண் இனிமேல் எந்தப் பெரியவரிடமும் எதையும் சொல்ல மாட்டாள்.

நமக்கு எழுபது தாண்டிவிட்டது. கண், காது, ஞாபகம் எல்லாம் தேய்கிற காலம். சின்னவர்கள் சொல்லித்தான் நமக்குப் பல விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. அவர்கள் வாயைத் திறக்கப் பயப்படும்படி நாம் நடந்துகொண்டால், யாரும் எதுவும் சொல்லாத வீட்டில் கடைசிக் காலத்தைக் கழிப்போம். மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது வெறும் மௌனமாக இருக்கும்.

டிசம்பர் 3-ந் தேதி சவேரியார் திருநாள். அன்று பூசைக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து மகனையோ, மருமகளையோ, பேரப் பிள்ளையையோ கூப்பிட்டு, "என்னிடம் நீ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். சொன்னால் நடுவில் பேசாமல் முழுசாகக் கேளுங்கள். பதிலை இரண்டு நாள் கழித்துச் சொன்னால் போதும்.