ஆயிரம் வருடம் லேசு, இருபது வருடம்தான் கஷ்டம்



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் வட்சப் குழுமத்தில் ஒரு சகோதரர் ஒரு புத்தக அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, "இது எப்படி எங்கட பிள்ளைகளின் நூலக றாக்கையில் இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். 3001இல் மதமே இருக்காது என்று எழுதியிருக்கிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். கீழே பலர் "ஆமீன்" போட்டிருந்தார்கள். வாசித்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை அங்கே வைத்தது நான்தான் என்பதால், பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. விடுமுறையில் மறுபடி முழுதாக வாசித்தேன்.

புத்தகம் ஆதர் சி. கிளார்க்கின் '3001'. 1968இல் '2001' என்ற நாவலோடு தொடங்கிய வரிசையின் கடைசிப் பாகம். இரண்டாவது 1982இல், மூன்றாவது 1987இல், இது 1997இல் வந்தது. பெரும்பாலானோர் மூன்று பாகத்தோடு கதையை முடிப்பார்கள். மனிசன் மூன்றில் நிறுத்தாமல், எண்பது வயதை நெருங்கும்போது நாலாவதை எழுதினார். எழுதியது எங்கேயோ அமெரிக்காவில் இல்லை. 1956இலிருந்து 2008இல் மவுத்தாகும் வரை அவர் வாழ்ந்தது இந்த நாட்டில்தான். கொழும்பில்தான் அடக்கம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராகவும் இருந்தார். தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' வாசித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக்கூட, அறிவியல் புனைகதையின் ஒரு பெரிய தலை எங்கள் தலைநகரில் குடியிருந்தது பெரிதாகத் தெரியாமல் போய்விட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பாகத்தில் பிராங்க் பூல் என்ற விண்வெளி வீரரை, கப்பலை நடத்தும் ஹால் என்ற கணினி கொன்றுவிடுகிறது. உடல் விண்வெளியில் உறைந்து மிதந்துகொண்டே போகிறது. ஆயிரம் வருடம் கழித்து, பனிக்கட்டி வால்வெள்ளிகளைப் பிடித்து இழுத்துவரும் ஒரு கப்பல் அதைக் கண்டெடுக்கிறது. அந்தக் காலத்து மருத்துவர்கள் அவருக்கு உயிர் கொடுக்கிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் பூமியைச் சுற்றி ஒரு வளையம். அதற்கும் பூமிக்கும் இடையே, பூமத்திய ரேகையிலிருந்து எழும்பிய நான்கு கோபுரங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரம். தலையை மழித்து ஒரு தொப்பி போட்டால் படிப்பு நேராக மூளைக்குள் இறங்கிவிடும். (இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை, "சேர், அப்ப நீங்க வீட்ட போகலாம்" என்றான்.)

இனி மதம் பற்றிய குற்றச்சாட்டு. உண்மைதான், மறைக்க வேண்டாம். கிளார்க்கின் 3001இல் மதங்கள் கிட்டத்தட்ட இல்லை. கடவுள் என்று சொல்வதே நாகரிகமில்லாத பேச்சு, பதிலுக்கு 'டேயுஸ்' என்கிறார்கள். மத நம்பிக்கை ஒருவகை மனநோய் என்று வாதாட ஒரு அறிஞர் பாத்திரமும் உண்டு, அவருக்குக் கான் என்று பெயர் வேறு. கிளார்க் தன் சொந்த வாழ்க்கையிலும் அப்படித்தான். தன் அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். அவர் எங்களை ஏமாற்றவில்லை, நினைத்ததை நேரே சொன்னார்.

அவர் சொன்னது தவறு என்பது என் கருத்து. பக்கத்துக்குப் பக்கம் விஞ்ஞானத்துக்குக் கணக்குக் காட்டுகிற மனிசன், மதம் எப்படி இல்லாமல் போனது என்பதற்கு மட்டும் ஒழுங்கான காரணம் காட்டவில்லை. தீர்ப்பு இருக்கிறது, விசாரணை இல்லை. ஆனால் இதை எங்கள் பிள்ளைகள் வாசித்தால் ஈமான் போய்விடும் என்கிறீர்களே, அவ்வளவு பலவீனமாகவா நாங்கள் வளர்த்திருக்கிறோம்?

இன்னொன்றையும் கேட்கிறேன். நீண்ட காலம் தூங்கி எழும்பிய மனிதரின் கதை எங்களுக்குப் புதிதா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூரத்துல் கஹ்பு ஓதுகிறோம். குகைவாசிகள் 300 வருடமும் மேலும் ஒன்பதும் தூங்கினார்கள். எழும்பியதும் "ஒருநாள் தூங்கியிருப்போம், அல்லது அதிலும் கொஞ்சம்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பசி. ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் போய் நல்ல சாப்பாடு வாங்கிவா என்று ஊருக்குள் அனுப்புகிறார்கள். பூலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நாலே வசனத்தில் அவர்கள் கதைக்குள் வந்துவிடுவார்கள்.

வெள்ளிக்காசு என்றதும் ஒன்று. 1961இல் தென்கிழக்குக் கடலில், மகா இராவணன் கோட்டைப் பாறைத்திட்டில், கிளார்க்கின் நண்பர் மைக் வில்சனும் இரண்டு பையன்களும் ஒரு பழைய கப்பற் சிதைவைக் கண்டார்கள். அதில் கட்டி கட்டியாக முகலாய வெள்ளி ரூபாய்கள். ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சடித்தவை, ஹிஜ்ரி 1113 என்று பொறித்தவை. கிளார்க் இதை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். மதத்தை ஒதுக்கிய மனிசன் ஹிஜ்ரி ஆண்டை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறார். கதைக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி. மதம் பற்றிய இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது வேறு இடத்தில்.

ஆயிரம் வருடம் கழித்துத் திரும்பிய பூலுக்கு என்ன நடக்கிறது? நல்ல வீடு கிடைக்கிறது. சரித்திரம் படித்த ஒரு பெண் வழிகாட்டியாக வருகிறார், பிறகு துணையாகிறார். எல்லாரும் பெரிய மனிதராக மதிக்கிறார்கள். சிறுவயது நினைவுகள் சில இடங்களில் எட்டிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். கொஞ்சக் காலத்தில் மனிசன் பழகிவிடுகிறார். கிளார்க்குக்கு வியாழனின் நிலவுகளைக் காட்டும் அவசரம்.

நான் திரும்பி வந்தது ஆயிரம் வருடம் கழித்து இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று நான் ஏழாம் வகுப்பு. காலையில் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து 70,000க்கு மேற்பட்டோர் அந்த நாட்களில் வெளியேறினோம். அதை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை, வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அதே மைதானத்தில் நின்றவர்கள். நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தோம். 2002இல் ஏ9 வீதி திறந்ததும் வாப்பாவோடு ஒருமுறை வந்து பார்த்தேன். நிரந்தரமாக வந்தது 2011இல்.

2002இல் சோனகதெருவில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, முற்றத்தில் ஆள் உயரத்துக்கு மரம். வாப்பா உள்ளே போகவில்லை. கிணற்றடியில் நின்றார். பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வாப்பாவைத் தெரிந்தது. "காக்கா, ஏன் இவ்வளவு நாளா வரேல்ல?" என்று கேட்டார். உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார். வாப்பாவுக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மாவும் 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மழைக்குள் நடந்து போனவர்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார்.

பூலுக்கு இந்தத் தேத்தண்ணி இல்லை. அவரிடம் "ஏன் வரேல்ல" என்று கேட்க ஒருவரும் உயிரோடு இல்லை. அவர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை, உறுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை, "நீங்கள் புத்தளத்து ஆக்கள்தானே" என்ற பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஆயிரம் வருடம் லேசு. இருபது வருடம்தான் கஷ்டம். எல்லாரும் இருப்பார்கள், முகம் பார்க்க வேண்டும். விஞ்ஞானத்தில் அவ்வளவு கவனமான ஒருவர் இதைக் கவனிக்காமல் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் அந்தப் புத்தகத்தை எழுதிய காலத்தில் நாங்கள் அதே தீவில், கொழும்பிலிருந்து மூன்று நாலு மணித்தியாலப் பயணத்தில், கொட்டிலில் இருந்தோம்.

அவரது 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலிலும் இதே குறை உண்டு. பாவா ஆதம் மலையை மனதில் வைத்து எழுதிய மலை, அதன் உச்சியில் விண்தூக்கி கட்ட வேண்டும், அங்கே பிக்குகளின் மடம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடம் வெளியேற வேண்டும் என்று ஒரு பழைய வாக்கு. புயலில் அவை மேலே வந்துவிடுகின்றன, பிக்குகள் இறங்கிப் போகிறார்கள். கிளார்க்கின் கண் முழுதும் கட்டுகிற பொறியியலாளர் பக்கம். இறங்கிப் போனவர்கள் பிறகு எங்கே படுத்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் சீன எழுத்தாளர் லியூ சிசின் வேறு ஆள். அவருடைய முக்கதையின் மூன்றாம் பாகம் 2010இல் வந்தது. அதில் வேற்றுக்கிரகத்தார் மனிதகுலத்தையே அவுஸ்திரேலியாவுக்குப் போகச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கான சனம் கூடாரங்களில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. முதலில் மரியாதை போகிறது, பிறகு சாப்பாடு போகிறது. அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசிக்க என்னால் முடியவில்லை, புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ஆனால் அவரும் திரும்பி வருவதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. போவதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

'3001'இல் என்னை உட்கார வைத்த ஒரு இடம் உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். பூலைக் கொன்ற ஹால் அழியவில்லை. பழைய நண்பர் போமனோடு சேர்ந்து ஒரே உயிர்போல ஆகி, வியாழனின் நிலவுப் பக்கம் இருக்கிறது. மனிதகுலத்துக்கு ஆபத்து வருகிறது என்று எச்சரிப்பதும் அதுதான். பூல் அதோடு பேசியே ஆகவேண்டும், தன்னைக் கொன்றதோடு. ஹால் ஏன் அப்படிச் செய்தது என்பதற்கு இரண்டாம் பாகத்திலேயே விளக்கம் இருக்கிறது. உண்மை சொல்லவென்று படைத்த கணினிக்கு, மேலிடத்திலிருந்து பொய் சொல்லும்படி கட்டளை. இரண்டுக்கும் நடுவில் அது குழம்பிவிட்டது. விளக்கம் கிடைத்தால் மன்னிப்பு வந்துவிடுமா? கிளார்க் வந்துவிடும் என்று நினைக்கிறார், லேசாகத் தாண்டிப் போகிறார். நான் இதைத் தரம் 11இல் கேட்டேன். ஒரு பிள்ளை, "அது முதல்ல மன்னிப்புக் கேட்டதா சேர்?" என்றாள். எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டு, இரவில் வீட்டில் பக்கம் பக்கமாகத் தேடினேன். பூல் கேட்க வேண்டும் என்று நான் நினைத்ததை அவர் கேட்கவே இல்லை.

கதை என்று பார்த்தால் நாலு பாகத்தில் இது பலவீனமானது. முதல் பாகத்தின் மௌனம் இதில் இல்லை. முடிவில், சந்திரனில் பூட்டிவைத்த கணினி வைரசுகளை எடுத்து வேற்றுக்கிரகத்தாரின் கருந்தூணை முடக்குகிறார்கள். 1996இல் வந்த 'இன்டிபெண்டன்ஸ் டே' படத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் பூட்டிய பெட்டகம் மட்டும் நல்ல யோசனை. மனிதன் உண்டாக்கிய கொடிய கிருமிகள், நஞ்சுகள், வைரசுகள் எல்லாவற்றையும் அழிக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள், ஒருநாள் தேவைப்படலாம் என்று. தேவைப்படவும் செய்கிறது. றாக்கையிலிருந்து புத்தகத்தை எடுக்கச் சொன்ன சகோதரர் இந்த அத்தியாயத்தை மட்டுமாவது வாசிக்க வேண்டும்.

2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளில், கிளார்க் மூன்று ஆசைகள் சொன்னார். வேற்றுலகில் உயிர் இருப்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயை நம்பியிருப்பதை விட வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார். அந்த மூன்றாவது ஆசையைக் கேட்ட பிறகு, கொட்டிலைக் கவனிக்கவில்லை என்ற என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது.

புத்தகம் இப்போது என் மேசையில். திங்கட்கிழமை அதே றாக்கைக்குத் திரும்பும். ஒரே ஒரு பிரதிதான், அட்டை கழன்றிருக்கிறது, பசை போட்டிருக்கிறேன். வரிசையில் ஏற்கனவே நாலு பிள்ளைகள். ஆனாலும் குழுமத்தில் படம் போட்ட சகோதரர் கேட்டால் அவருக்கு முதலில் கொடுப்பேன். ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். இரண்டு கிழமைக்குள் திருப்பித் தந்தால் போதும்.