தேருக்கு நிலை உண்டு. லாரிக்கு எங்கே நிலை?

நெல்லையப்பர் கோவில் தேர் ஆனி மாதம் ஓடுகிறது. நான்கு ரத வீதிகளையும் சுற்றி வந்து நிலைக்குச் சேருகிறது. மற்ற நாள் எல்லாம் அது நிலையில்தான் நிற்கும். எவ்வளவு பெரிய தேர்! ஆனாலும் அதற்கு என்று ஓர் இடம் உண்டு.

லாரிக்கு அப்படி ஓர் இடம் உண்டா? சரக்கை இறக்கிய லாரி இரவில் எங்கே நிற்பது? தெருவில் நடக்கும் சண்டைகள் பலவற்றுக்கு இந்தக் கேள்விதான் வேர்.

ஏன் வீட்டுக்கு வருகிறது?

நயினார்குளம் மொத்த மார்க்கெட்டுக்குக் காய்கறி வருகிறது. தாழையூத்தில் இருந்து சிமெண்ட் போகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் இருந்து நெல் போகிறது. தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு போகிறது. எல்லாவற்றையும் சுமப்பது லாரிதான்.

ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு, மாதாமாதம் கடன் கட்டிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஷெட் போட அவர்களிடம் இடம் இல்லை. ஊருக்கு வெளியே விட்டால் பாட்டரி போய்விடும், டீசல் போய்விடும் என்ற பயம். அதனால் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறார்கள். அது அவர்கள் பக்கத்து நியாயம்.

பக்கத்து வீட்டாரின் நியாயம்

ஆறு சக்கர லாரி, சரக்கோடு சேர்த்து 16.2 டன் எடை இருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. 2018-இல் அதை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். எடை கூடியது, தெருவின் அகலம் கூடவில்லை!

குறுகிய தெருவில் லாரி நின்றால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்ற ஆம்புலன்ஸ் வர முடியாது. சாக்கடை மூடி நொறுங்குகிறது. குடிதண்ணீர்க் குழாய் உடைகிறது. லாரிக்குப் பின்னால் விளையாடும் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் பிரேக்குக்குக் காற்று ஏறுவதற்காக எஞ்சினை ஓடவிடுகிறார்கள். புகை வீட்டுக்குள் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஊரைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். எந்த மனையில் என்ன கட்டலாம், என்ன தொழில் செய்யலாம் என்பதை அது சொல்லும். தெரு ஓரத்தில் நிற்கும் லாரிக்கோ மோட்டார் வாகனச் சட்டம்தான். அது 1988-இல் வந்தது.

அதன் 122-வது பிரிவு, பொது இடத்தில் ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 127-வது பிரிவு, ஆள் இல்லாமல் 10 மணி நேரம் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீசாருக்கு அதிகாரம் தருகிறது.

இரவு 9 மணிக்கு வந்து காலை 5 மணிக்குப் போகும் லாரி எத்தனை மணி நேரம் நிற்கிறது? எட்டு மணி நேரம்தான்! பத்து மணிக் கணக்கில் அது சிக்காது. இடையூறு என்று யாராவது புகார் செய்ய வேண்டும். புகார் செய்தால் அடுத்த வீட்டோடு பகை. அதனால் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அதே சட்டத்தில் 117-வது பிரிவு ஒன்று இருக்கிறது. வண்டிகள் நிற்பதற்கான இடங்களை உள்ளாட்சியைக் கலந்து குறித்துக் கொடுக்கலாம் என்கிறது அது. “இங்கே நிறுத்தாதே” என்பது பாதிச் சட்டம். “இங்கே நிறுத்து” என்பது மீதிப் பாதி. நமக்கு வேண்டியது அந்த மீதிதான்.

மற்ற ஊர்களில்

ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உண்டு. கார் வாங்குகிறவர், அதை நிறுத்தத் தம்மிடம் இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று பெற வேண்டும். இங்கிலாந்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளை ஓட்டித் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும். வண்டி எங்கே நிற்கும் என்பதை முதலிலேயே காட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரமும் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே மாதவரத்தில் லாரிகளுக்கு என்று தனி நிலையம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில் இடம், பிறகு தடை. இந்த வரிசை மாறக் கூடாது.

1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகிய நான்கும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. நான்கு பகுதிக்கும் எட்டும் தூரத்தில், பெரிய சாலையை ஒட்டி லாரிப்பேட்டை வேண்டும். விளக்கு, காவல், தண்ணீர், கழிப்பிடம் இருக்க வேண்டும். வாடகை குறைவாக இருக்க வேண்டும். பாட்டரிக்குப் பயம் இல்லை என்றால் டிரைவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குவார். அதன் பிறகு குடியிருப்புத் தெருவில் கனரக லாரி இரவு தங்கக் கூடாது என்று விதி போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

“குட்டி யானை” போன்ற சிறு வண்டிகளுக்கு இதே அளவுகோல் வேண்டாம். தன் காம்பவுண்டுக்குள் நிறுத்த இடம் உள்ளவர் நிறுத்திக்கொள்ளட்டும்.

நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. லாரிக்காரரும் அங்கே வரட்டும். பக்கத்து வீட்டாரும் வரட்டும். “லாரியை எடு” என்று மட்டும் சொன்னால் அது அடுத்த தெருவில் போய் நிற்கும். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே, “எங்கே நிறுத்துவது?” என்று இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.