விலையை மறைக்கத் தெரியாத எதிரி

2010இல் வெளிவந்த 'சிவிலைசேஷன் 5' என்ற கணினி விளையாட்டில் பட்டு ஒன்று கைவசம் இருந்தால் பேரரசின் மகிழ்ச்சி 4 புள்ளிகள் உயரும். இரண்டாவது பட்டினால் ஒரு புள்ளிகூட உயராது. எனவே ஆட்டக்காரர்கள் அந்த உபரியைக் கணினி இயக்கும் அண்டை அரசருக்கு விற்றுவிடுகிறார்கள். 30 சுற்றுகளுக்கான ஒப்பந்தத்தில், ரொக்கமாகப் பெறும் வழக்கமான விலை 240 பொன்.

இதைக் கணினியை ஏமாற்றும் வேலை என்று சிலர் கருதுகின்றனர். ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டுக்கு நல்ல வகுப்பறை எடுத்துக்காட்டு என்று வேறு சிலர் கருதுகின்றனர். இரண்டும் பொருந்தவில்லை. வாங்கியவருக்கும் அதே 4 புள்ளிகள் கிடைத்துவிடுவதால் ஏமாற்றம் எதுவுமில்லை. ரிக்கார்டோ 1817இல் துணியையும் மதுவையும் கொண்டு விளக்கியது உற்பத்திச் செலவுகளின் ஒப்பீட்டை. இங்கு எவரும் ஒன்றை விடுத்து மற்றொன்றை உற்பத்தி செய்வதில்லை. பட்டு வரைபடத்தில் கிடக்கிறது. இது இறுதிநிலைப் பயன்பாட்டின் வேறுபாடு மட்டுமே.

உண்மையில் ஆராய வேண்டியது பேரம் நடக்கும் மொழியை. பேரத் திரையில் 'இதற்கு என்ன தருவீர்கள்?' என்று கேட்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கணினி அரசர் தாம் தரக்கூடியதைத் தாமே சொல்லிவிடுவார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோர் மறைப்பது இந்த ஒன்றைத்தான். தேவையான அளவு தகவலைத் தருவதை உரையாடலின் ஒத்துழைப்பு நெறிகளுள் ஒன்றாகக் கிரைஸ் வைத்தார். பேரம் அந்த நெறியை இரு தரப்பும் அறிந்தே மீறும் பேச்சு. போட்டியாளரிடமே முழு ஒத்துழைப்போடு பேசுபவர் பேரம் பேசவில்லை, விலைப்பட்டியலை வாசிக்கிறார்.

அவர் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. இந்தப் பொன் எங்கே போகிறது? அடுத்த சுற்றிலேயே அது அவருடைய எல்லையில் படையாக நிற்கலாம். இந்தியா, சீனம், அரேபியா ஆகியவற்றின் ஆடம்பரப் பொருள்களுக்காக ரோமப் பேரரசு ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் இழக்கிறது என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கணக்குச் சரியா என்பது வரலாற்றாசிரியர்களின் விவாதம். அந்தக் கவலையாவது அங்கு இருந்தது. கணினி அரசரின் அவையில் ஒரு பிளினி இல்லை.

வடிவமைப்பாளர்கள் இக்குறையை அறியாதவர்கள் அல்லர். ரொக்கத்தைப் பெற்ற கையோடு போர் அறிவித்தால் ஒப்பந்தம் முறியும், பட்டு திரும்பும், பொன் திரும்பாது. இது பலரும் கையாண்ட உத்தி. 2013இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' விரிவாக்கம், நட்பை முறைப்படி அறிவித்தவர்களிடையே மட்டுமே ரொக்கப் பொன் கைமாறலாம் என்று விதித்தது. கணினிக்குச் சந்தேகப்படக் கற்றுத்தர இயலாத இடத்தில் ஒரு சட்டம் வந்து அமர்ந்தது. பொருளியல் வகுப்பிலோ வரலாற்று வகுப்பிலோ இவ்விளையாட்டைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள், பட்டு விற்பனையைவிட இந்த விதி மாற்றத்தை முன்வைப்பதே பொருத்தம். அதற்கு முன், கணினியின் இருக்கையில் இன்னொரு மாணவரை அமர்த்தி அதே பட்டை விற்கச் சொல்லிப் பார்க்கலாம். 240 பொன் என்ற விலை அங்கு நிலைப்பது அரிது. 'எதற்கு இப்போது விற்கிறாய்?' என்பதே அவருடைய முதல் பேச்சாக இருக்கக்கூடும்.