புருவ சாத்திரம்

அமெரிக்க வீடுகளில் வார இறுதி இரவில் நாலைந்து நண்பர்கள் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து சில்லறைப் பணத்துக்குப் போக்கர் ஆடுகிறார்கள். அங்கே தன் சீட்டைக் கவனிப்பவரைவிட எதிராளியின் புருவத்தைக் கவனிப்பவருக்கே மேதை என்று பெயர். இந்த மேதைமையை நாம் ஏற்பதற்கில்லை.

முதல் குற்றவாளி சினிமா. 'ரவுண்டர்ஸ்' (1998) படத்தில் ஜான் மால்கோவிச் ஓரியோ பிஸ்கட்டைப் பிளக்கும் விதத்தைக் கொண்டே அவர் கைச்சீட்டை மாட் டேமன் கண்டுபிடித்துவிடுகிறார். 'கஸீனோ ராயல்' (2006) வில்லனோ தன் 'குறி'யை வேண்டுமென்றே நடித்துக்காட்டி பாண்டைத் தோற்கடிக்கிறான். அந்தப் பாடம் மட்டும் யாருக்கும் நினைவில்லை. (கதாசிரியர்களும் உடந்தையே. பொய் சொல்பவன் கண்ணைத் தாழ்த்தாத சிறுகதையை நாம் அரிதாகவே படித்திருக்கிறோம்.)

எதிராளியின் கை நடுங்கினால் பயம் என்று நம் மேதை தீர்ப்பளிப்பார். இக்குறிகளைப் பற்றி 1984இல் புகழ்பெற்ற நூலொன்றை எழுதிய மைக் காரோ சொல்வது நேர் எதிரானது: பந்தயம் வைக்கையில் திடீரென நடுங்கும் கை பெரும்பாலும் வலுவான சீட்டையே காட்டுகிறது. மைக்கேல் ஸ்லெபியனும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆட்டக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு குருட்டு யூகத்தைக்கூடத் தாண்டவில்லை. சில்லுகளை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்களே சற்றுத் தேறினார்கள்.

அப்படியானால் வீட்டு ஆட்டத்தில் தொடர்ந்து ஜெயிப்பவர் எப்படி ஜெயிக்கிறார்? அவர் மூன்று வருடங்களாக அதே நால்வருடன் ஆடுகிறார். எவர் எந்தச் சுற்றில் எவ்வளவு வைத்தார், எப்போது சீட்டைக் கவிழ்த்தார் என்பது அவருக்கு மனப்பாடம். அது ஞாபகசக்தி, மளிகைக்கடைக்காரரின் கடன்நோட்டு போன்றது. ஆனால் கேட்டால், "அவன் கண்ணைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது" என்பார்.

இருபது டாலர் தோற்றால் போகட்டும் என்று விடலாம். இதே இறுமாப்பு சீருடை அணிந்தபோது நடந்ததைத்தான் நம்மால் விடமுடியவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே சந்தேகத்துக்குரியவரைப் பொறுக்கியெடுக்கும் திட்டத்துக்கு 2007 முதல் ஏறக்குறைய 90 கோடி டாலர் செலவானது. நடத்தைக்குறிகளைக் கொண்டு வஞ்சகத்தைக் கண்டறியும் மனிதத்திறன் தற்செயலுக்குச் சமம், அல்லது இம்மியளவே மேல் என்று அரசின் தணிக்கை அலுவலகமே 2013இல் எழுதியது. மேசையில் சந்தேகிக்கப்பட்டவன் சீட்டை விரித்துக்காட்டிச் சிரித்துவிட்டு எழுந்துபோகலாம். அந்த வரிசையில் நின்றவன் தனியறைக்கு அழைத்துச் செல்லப்பட்டான்.