காலி நாற்காலியால் யாருக்கு நட்டம்?

திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா. அங்கே 2024இல் ஜெகன்மோகன் கட்சி 175இல் 11 இடங்களே வென்றது. பத்தில் ஒரு பங்கு இல்லையென்று எதிர்க்கட்சித் தலைவர் பதவி தரவில்லை. மக்களவையிலும் 2014 முதல் 2024 வரை அந்த நாற்காலி காலிதான்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சேரியில் கொடுமை நடந்தால் நாம் மனு அனுப்பும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் இரு அவை எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் இடமுண்டு. 2021இல் அதில் இருந்தவர் மாநிலங்களவையின் கார்கே மட்டுமே. தலித், பழங்குடியினருக்கும் ஆணையத்தில் இடம் கேட்டார்; ஏற்கவில்லை. மறுப்பைப் பதிவு செய்தார். துணைக்கு இன்னொரு குரல் இல்லை.

நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களுக்கான 1977 சட்டத்தில் பத்து சதவீதக் கணக்கே கிடையாது. அது வெறும் மரபு. மரபுகளால் அதிகம் இழந்தவர்கள் நாம். இதையும் நாம்தான் கேள்வி கேட்க வேண்டும்.