மழைக்கு முன்னே வரும் காற்று



"இன்னும் ஒரு தூறல்கூட விழலையே, இந்த நிரையை முடிச்சிட்டுப் போங்க" என்று மண்டோர் சொல்வது பல தோட்டங்களில் வழக்கம். இது தவறு என்பது என் கருத்து. மருந்தடிப்பை நிறுத்த வேண்டிய நேரம் மழை விழும் நேரமல்ல. மேகம் கறுக்கும் நேரம்.

காரணத்தைக் கேளுங்கள். இடிமேகத்திலிருந்து மழை இறங்கும்போது குளிர்ந்த காற்றும் அதோடு கீழே விழுகிறது. சிமெண்டுத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எப்படிச் சிதறி ஓடுமோ, அப்படி அது நாலா பக்கமும் பாய்கிறது. மழைக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். ஒரு நிமிடத்தில் திசை மாறும். காற்றுக்கு முதுகு காட்டி மருந்தடித்த பெண்ணின் முகத்திலேயே மருந்து வந்து படியும்.

மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு சுமாத்ராக் காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், விடியுமுன்னும் காலையிலும் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். பிரட்டு முடிந்து நாம் பம்பைத் தூக்கும் நேரமும் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மருந்துத் துளி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 4 விநாடி பிடிக்கும். 40 கிலோமீட்டர் வேகக் காற்று அதற்குள் அதை 40 மீட்டர் தூரம் கொண்டுபோய்விடும்.

"பலமான காற்று மருந்தைக் கலைத்துவிடுமே" என்பீர்கள். பாதி உண்மை. சுழன்றடிக்கும் காற்று நஞ்சைக் கலைக்கத்தான் செய்யும். ஆனால் கலைவதற்குத் தூரம் வேண்டும். பக்கத்து நிரையில் நிற்பவளுக்கும், லயத்துக் கொடியில் காயும் பிள்ளைத் துணிக்கும் அந்தத் தூரம் ஏது?

மழை ஓய்ந்த பிறகும் கவனம் வேண்டும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடக்கும். அப்போது குப்பை கொளுத்தினால் புகை மேலே போகாது, வீடுகளையே சுற்றும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகள் பாடு திண்டாட்டம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 2016 நவம்பர் 21-ல் இடிப்புயல் காற்று புல்லின் மகரந்தத்தை அடித்து வந்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். காற்றை லேசாக எண்ணாதீர்கள்.

பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடையானது. அதனால் பயமில்லை என்று சிலர் பேசுகிறார்கள். மற்ற களைக்கொல்லிகள் என்ன, பச்சைத் தண்ணீரா?

மேகம் கறுத்தாலோ, இடி கேட்டாலோ, குளிர்க்காற்று வீசினாலோ பம்பை மூடுங்கள், காட்டை விட்டு வெளியே வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நனைந்த உடுப்பை மாற்றி, தனியாகத் துவையுங்கள்.

உடனடி ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தாய் பம்பை இறக்குவாள்? ஆகவே வானம் பார்த்து நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு தோட்டக் கிளையும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கேட்பது சலுகை அல்ல, நம் நுரையீரலுக்குக் காவல்.