வலைத்தளத் தொழிலும் நிலைக்கும் அறிவும்

பட்டம் பெற்று வெளியேறும் மாணவரும், வேறு தொழிலில் சில்லாண்டு இருந்து மனம் மாறியவரும், இற்றை நாளில் வலைத்தளம் அமைக்கும் தொழிலை நாடிச் செல்கின்றனர். கணக்கெழுதுவோர், பள்ளியாசிரியர், இயந்திரவியல் கற்றோர் எனப் பலதிறத்தாரும் அவருள் உளர். அங்ஙனம் நாடுதல் தவறென யாம் கூறோம். ஆயின் அவருட் பெரும்பாலார் முதற்கண் வினவும் வினா ஒன்றே: இப்பொழுது எந்தக் கருவியைக் கற்றால் வேலை கிடைக்கும்? வீட்டு வாடகையும் தங்கையின் கல்விச் செலவும் வாயிலில் நிற்குங்கால் வேறு யாதுதான் வினவுவர்? எனினும், இவ்வினாவோடு அமைந்துவிடுவோர் சில்லாண்டுகளில் மீண்டும் முதற்படியிலேயே வந்து நிற்க நேரும் என்பது எம் கருத்து.

1996-ஆம் ஆண்டில் தோன்றிய பிளாஷ் என்னும் கருவி, அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் வலைப்பக்கங்களில் இயங்கச் செய்தது. அதனையே முழுத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தோர் உலகெங்கும் இருந்தனர். 2010-இல் ஆப்பிள் நிறுவனத் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ், தம் நிறுவனத்தின் கைப்பேசிகளில் அதற்கு இடமில்லை என்பதற்குரிய காரணங்களை வெளிப்படையாக எழுதினார். 2017 ஜூலையில் அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனமே அதனைக் கைவிடுவதாக அறிவித்து, 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஆதரவை நிறுத்திற்று. பிளாஷின் பொத்தான்களை மட்டும் அறிந்தவருக்கு அவ்வறிவு செல்லாக் காசாயிற்று. அசைவின் இலக்கணத்தையும் நிரலின் ஒழுங்கையும் உணர்ந்தவரோ அவற்றை வேறொரு கருவிக்கு எடுத்துச் செல்லக் கூடியவராயினர். ஆங்குலர் என்பதன் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. 2010-இல் வெளிவந்த அது 2016-இல் அடியோடு மாற்றி எழுதப்பெற்றது. பழைய வடிவிற்கு 2021 முடிவோடு ஆதரவு அற்றது.

மற்றொரு புறம் நோக்குக. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-இல் வலையின் திட்டத்தை வரைந்து, 1991-இல் அதனைப் பொதுமக்கட்கு அறிவித்தார். அவர் அக்காலத்து எச்.டி.எம்.எல். மொழியில் எழுதிய பக்கத்தின் படியொன்றை இன்றைய உலாவியும் தடையின்றித் திறந்து காட்டுகின்றது. மேலே அடுக்கிய கருவிகள் மாறி மாறி வந்தன. அடியிலிட்ட கல் அசையவில்லை.

தமிழர்க்கு இவ்வுண்மை பிறரினும் நன்கு விளங்க வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் தமிழ்த் தளம் அமைத்தோர் படாத பாடு பட்டனர். தளத்துக்குத் தளம் எழுத்துருவும் குறியீட்டு முறையும் வேறுபட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் செந்தமிழ்க் கட்டுரையும் பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாய்க் காட்சியளித்தது. திஸ்கி என ஒரு முறை இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரண்டு வகுக்கப்பெற்றன. 1991-லேயே யூனிகோடில் தமிழ் இடம் பெற்றிருந்தும், அது பரவச் சில்லாண்டு சென்றது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. இம்மாற்றத்தில், ஒரு முறையின் விசைப்பலகையை மட்டும் பழகியவர் இடர்ப்பட்டனர்; கணினியினுள் எழுத்தென்பது எண்ணே என்று அறிந்தவர்க்குப் பழைய கோப்புகளைப் புதுமுறைக்கு மாற்றித் தருவதே ஒரு பிழைப்பாயிற்று.

இவ்வறிவு இன்றும் வேண்டப்படுவதே. மீனாட்சி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அது நான்கெழுத்து. யூனிகோடில் மகரமும் ஈகாரக் குறியும், னகரமும் ஆகாரக் குறியும், டகரமும் புள்ளியும், சகரமும் இகரக் குறியும் என எட்டுக் குறியீடுகள். யூ.டி.எப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளுமாதலின், 24 பைட் ஆகின்றது. ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட்டே போதுமென்ற நினைவில், விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு 20 பைட் மட்டும் ஒதுக்கினானொருவன் என்க. அப்பெண்ணின் பெயர் ‘மீனாட்’ என்பதோடு அறுபட்டு, அதன்பின் பொருளற்ற குறியொன்று நிற்கும். தேர்வுச் சீட்டிலோ ஓய்வூதியப் பதிவிலோ பெயர் அறுபட்டவர், அதனைத் திருத்த எத்தனை அலுவலகப் படிகள் ஏறவேண்டும்! எந்தக் கருவியின் பெயரைச் சான்றிதழில் பொறித்திருப்பினும் இப்பிழையைத் தடுக்க அது உதவாது.

ஏனைய கைப்பழக்கங்களும் இவ்வினத்தனவே. 404 எனச் சேவையகம் விடையளிப்பின் பக்கம் அவ்விடத்து இல்லை. 500 எனின் சேவையகத்தினுள்ளேயே கோளாறு. தளத்தின் முகவரியை மாற்றுங்கால் 301 என்னும் விடையால் பழைய முகவரியினின்று புதியதற்கு வழிகாட்டாவிடின், பழைய இணைப்பைப் பிடித்து வருவோர் வெறுங்கையராய் மீள்வர். காப்புப்படி எடுத்தேன் என்பவனை, அதிலிருந்து தளத்தை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தனையா என வினவுதல் வேண்டும்.

அடிப்படை மட்டும் கற்றவனை நேர்காணலில் யார் மதிப்பர் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமே. ஆதலின் சந்தையில் வழங்கும் கருவியொன்றைச் செவ்வனே கற்க. ஐந்தின் பெயரை மனப்பாடம் செய்வதினும் அதுவே மேல். இனி, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், நிரலை இயந்திரமே எழுதித் தருகின்றதே, கற்பதெதற்கு என்பாரும் தோன்றியுள்ளனர். அவ்வியந்திரமும் பெயருக்கு 20 பைட் ஒதுக்கித் தரலாம். அதனைக் கண்டு திருத்தும் கண் மனிதனுக்கன்றோ வேண்டும்?

தொழில் மாறுவோர்க்கு மற்றுமொன்று சொல்ல விரும்புகின்றோம். பழைய தொழிலை வெறுத்து உதறற்க. பவுல் அடியார் கொரிந்து பட்டணத்தில் ஊழியஞ் செய்த காலத்தும், ஆக்கில்லாவின் வீட்டிலிருந்து கூடாரஞ் செய்யும் தம் தொழிலையும் நடத்தினார். கணக்கர் ஒருவர் கணக்கு மென்பொருளின் பக்கத்தை அமைப்பாராயின், பற்று எது வரவு எது என்று பிறர் அவருக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. சம்பளம் வரும் வேலையில் இருந்துகொண்டே, மாலைப்பொழுதில் அண்டை வீட்டு மளிகைக் கடைக்கோ தம் திருச்சபைக்கோ சிறு தளம் ஒன்றை அமைத்து, ஓராண்டு அதனைப் பழுதின்றி நடத்திக் காட்டுக. பெருந்தொகை கடன் வாங்கி மூன்று மாதப் பயிற்சியிற் சேர்வதனினும் இதனையே யாம் பரிந்துரைப்போம்.

நம் கல்லூரியும் இதற்கு இடந்தரலாம். யூனிகோடிற்கு முற்பட்ட இம்மலரின் தமிழ்ப் பகுதிகள் பழைய எழுத்துருக் கோப்புகளாய் இன்றைய கணினியில் படிக்கவொண்ணாதிருக்கின்றன. வரும் கோடை விடுமுறையில் மாணவர் இருவரிடம் ஓராண்டு மலரை ஒப்புவித்து, அதனை யூனிகோடிற்கு மாற்றச் செய்து, தமிழாசிரியர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஏற்பாடு செய்தல் தகும். வேலையின் அளவு அதன்பின் தெரிந்துவிடும்.